மிச்சம் யாருக்கு?

சென்ற கோடையில் வடலூரில் இருக்கும் என் தாய்மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது, கூடத்தில் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்த பழைய மின்விசிறியைக் கழற்றிவிட்டு, புதிதாக ஒரு பிஎல்டிசி விசிறியை, அதாவது சர்க்யூட் போர்டால் இயங்கிக் குறைந்த மின்சாரம் இழுக்கும் மோட்டார் கொண்ட விசிறியை, மாட்டிக் கொடுத்தேன். பழையது 75 வாட் இழுக்கும். புதியது அதே காற்றை 30 வாட்டுக்குள் தந்துவிடும். இந்தக் கணக்கை மாமாவிடம் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. அவர் ரிமோட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் இப்புடிக் கரண்ட்ட மிச்சம் புடிச்சா, எங்க மிஷினு யாருக்கு மாப்ள ஓடும்?" என்றார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையத்தில் பாய்லர் பக்கத்திலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் கேட்கும்போது, அந்தக் கேலிக்கு அடியில் வேறொன்றும் இருக்கத்தான் செய்தது. அன்று ஏதோ சொல்லிச் சிரித்துச் சமாளித்தேன். ஊர் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

நிலக்கரியை நம்பி வாழும் ஊர்களின் எதிர்காலம் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சூரிய மின்தகடுகளைப் பற்றியும் காற்றாலைகளைப் பற்றியும் எழுதுகிறார்கள். சிக்கனத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், அது யாருக்கும் நோகாத நல்ல காரியம் என்பதுபோல ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 'மின்சிக்கனம் தேவை இக்கணம்' என்று மின்வாரிய அலுவலகச் சுவர்களில் எழுதியிருந்ததைப் படித்தே வளர்ந்த தலைமுறை நாங்கள். 2012-இல் நாளுக்குப் பதினான்கு மணி நேரம்கூட மின்சாரம் இல்லாமல் கிடந்தபோது அந்த வாசகத்தைப் பார்த்து எரிச்சல் வந்ததே தவிர, அது தவறென்று யாருக்கும் தோன்றியதில்லை. ஒரு யூனிட்டை மிச்சப்படுத்தினால் அது எங்கோ யாரோ விற்காமல் போன யூனிட் என்பது, விற்கிற ஊரில் பிறந்தவர்களுக்குத்தான் முதலில் உறைக்கிறது.

ஐந்தில் ஒரு பங்கு

மாமா வேலை பார்த்த நிலையத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சோவியத் நாட்டின் உதவியோடு எழுப்பப்பட்ட அந்த நிலையத்தின் முதல் அலகு 1962-இல் ஓடத் தொடங்கியது. 50 மெகாவாட்டில் ஆறு, 100 மெகாவாட்டில் மூன்று என்று ஒன்பது இயந்திரங்கள் சேர்ந்து 600 மெகாவாட் தந்தன. வடலூரில் 1867 முதல் அணையாமல் எரிந்துகொண்டிருக்கும் வள்ளலாரின் தருமச்சாலை அடுப்பை மனத்தில் வைத்து, "எங்களுதும் அணையா அடுப்புதான்டா" என்று மாமா அடிக்கடி சொல்வார். அந்த அடுப்பு 2020-இல் அணைந்தது. ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தும், அந்தச் செய்தி வந்த நாளில் அவர் மாலை நடைக்குப் போகவில்லை என்று அத்தை சொன்னார்.

அணைத்ததற்கான காரணத்தை அறிய அதன் வெப்பக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு யூனிட் மின்சாரத்துக்குள் இருக்கும் ஆற்றல் 860 கிலோகலோரி. அதைப் பெறுவதற்கு அந்த நிலையம் ஏறக்குறைய 4000 கிலோகலோரி வெப்பத்தை எரிக்கலாம் என்று மின்சார ஒழுங்குமுறை ஆணையமே வரம்பு வகுத்திருந்தது. அதாவது எரித்ததில் ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியதுதான் கம்பியில் ஏறியது; மீதி நான்கு பங்கும் புகையாகவும் ஆவியாகவும் குளிர்விக்கும் கோபுரத்தின் வெந்நீராகவும் போனது. பழுப்பு நிலக்கரி ஈரம் மிகுந்தது, கிலோவுக்கு 2600 கிலோகலோரி அளவே வெப்பம் தருவது. ஆகவே ஒரு யூனிட்டுக்கு ஒன்றரைக் கிலோ எரிந்தது. நம் வீட்டில் பழைய விசிறி பன்னிரண்டு மணி நேரம் சுற்றினால், ஏறக்குறைய ஒரு யூனிட்டுக்காக அங்கே ஒன்றரைக் கிலோ சாம்பலாகிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் கிடந்த பல மடங்கு மண்ணை அகற்றியதும், சுரங்கத்துக்கு அடியிலிருந்து பொங்கிவரும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்துக் கொட்டியதும் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

அதன் இடத்தில் வந்த புதிய நிலையத்தில் 500 மெகாவாட்டில் இரண்டே இயந்திரங்கள். ஒரு யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ போதும். பொறியியலாகப் பார்த்தால் இது பெரிய முன்னேற்றம்தான். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் காகிதத்தில் பெருக்கிப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. 600 மெகாவாட் முழு ஓட்டத்தில் ஓடினால் மணிக்கு 900 டன். 1000 மெகாவாட் முழு ஓட்டத்தில் ஓடினால் மணிக்கு 1000 டன் அளவு. திறன் கூடியது, மின்சாரம் கூடியது, சுரங்கத்தின் வாய் மட்டும் ஒரு முழம்கூடச் சிறுக்கவில்லை. நீராவி இயந்திரம் திறன் மிகுந்ததாக ஆக ஆக நிலக்கரிச் செலவு கூடுமே ஒழியக் குறையாது என்று ஜெவான்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1865-இல் எழுதியது நினைவுக்கு வந்தது. ஒன்பது இயந்திரங்களுக்கு வேண்டியிருந்த ஆட்கள் இரண்டுக்கு வேண்டியதில்லை என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். நிலையத்துக்குள் நடக்கும் சிக்கனம் நிலத்தையும் மீட்கவில்லை, வேலையையும் பெருக்கவில்லை. அப்படியானால் நான் சொன்ன சிக்கனம் வேறு, இது வேறு என்று மாமாவுக்கு விளக்கியிருக்க வேண்டும். அந்த விளக்கம் அன்று என்னிடம் இல்லை.

காயில் கட்டும் கடை

கழற்றிய விசிறியைப் பழைய இரும்புக் கடையில் போட மாமாவுக்கு மனம் வரவில்லை. விருத்தாசலம் சாலையில் அவருக்குத் தெரிந்த, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை ஒன்று இருந்தது. அங்கே கொடுத்தால் யாருக்காவது பயன்படும் என்று ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் உட்காரவைத்து அழைத்துப் போனார். வார்னிஷ் வாடையும் கருகிய செம்பின் வாடையும் கலந்து வீசும் அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு கடையில்தான் என் எண்ணம் திசை மாறியது என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். பழைய விசிறியை வாங்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றி, காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பேரிங் போயிருக்கு, காயில் நல்லாத்தான் இருக்கு, ஏன் கழட்டுனீங்க?" என்றார். புதியது வாங்கியதைச் சொன்னேன். அவர் மேசைக்கு அடியிலிருந்து ஓர் அரிசிச் சாக்கை இழுத்துப் பிரித்துக் காட்டினார். உள்ளே உள்ளங்கை அளவுள்ள பச்சை நிறச் சர்க்யூட் போர்டுகள், ஐம்பதுக்குக் குறையாமல் இருக்கும். எல்லாம் பிஎல்டிசி விசிறிகளிலிருந்து கழற்றியவை. ஓல்டேஜ் ஏறி இறங்கும்போது காயிலுக்கு முன்னால் போர்டு போய்விடுகிறது. அதைப் பழுதுபார்க்கத் தனக்குத் தெரியாது. கம்பெனிக்கு அனுப்பச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன், சிலர் இங்கேயே போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள் என்றார். "முன்னெல்லாம் சித்திரையில நாளைக்குப் பத்து ஃபேன் வரும் சார். இப்ப ரெண்டு மூணுதான்." குறையாகச் சொல்லவில்லை, மழை இல்லை என்பதைச் சொல்வதுபோலச் சொன்னார். 2023 ஜனவரி முதல் கூரை விசிறிகளுக்கு, மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியீடு கட்டாயமானதை நான் வரவேற்று நண்பர்களிடம் பேசியிருக்கிறேன். அந்த ஆணைக்கு இப்படி ஓர் அரிசிச் சாக்கு இருக்கும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே டாட்டா ஏஸில் ஒரு நீர்மூழ்கி மோட்டார் வந்து இறங்கியது. கொண்டுவந்த விவசாயிக்கும் மாமாவுக்கும் முன்பே அறிமுகம் இருந்தது. மூன்று ஆண்டுகளில் நான்காவது முறையாக எரிந்திருக்கிறது என்றார். இரவில் மும்முனை வந்தாலும் ஓல்டேஜ் நிற்பதில்லை. கடைக்காரர் ஒவ்வொரு முறையும் கட்டிக் கொடுக்கிறார். ஆனால் எரிந்த காயிலைச் சூடேற்றிப் பிரிக்கும்போது உள்ளிருக்கும் இரும்புத் தகடுகளின் பூச்சு கெடுகிறது, திரும்பிப் போகும் மோட்டார் முன்பைவிடச் சற்று அதிகமாகவே மின்சாரம் தின்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டார். நல்ல திறனுள்ள மோட்டாராக வாங்கிவிடலாமே என்று நான் கேட்டேன். கேட்ட பிறகுதான் அதன் அசட்டுத்தனம் உறைத்தது. 1990 முதல் தமிழ்நாட்டில் உழவுக்கு மின்சாரம் இலவசம். அவர் அதிக விலை கொடுத்து வாங்கும் மோட்டார் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டும் அரசின் கணக்கில் வரவாகும்; அவர் கையில் ஒரு காசும் சேராது.

மாமா வழக்கம்போல என் விசிறிக் கதையை எடுத்துவிட்டு, இவன் கரண்டை மிச்சம் பிடித்து நெய்வேலியை மூடப் பார்க்கிறான் என்று சிரித்தார். அந்த விவசாயி சிரிக்கவில்லை. அவருடைய நிலம் இரண்டாவது சுரங்கத்தின் விரிவாக்கத்துக்காகக் குறிக்கப்பட்ட பகுதியில் இருக்கிறது. "நீங்க மிச்சம் புடிச்சா எங்க நெலம் மிச்சமாவுமா தம்பி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். 2023 ஜூலையில் நெய்வேலிச் சுரங்கப் பணிக்காக வளையமாதேவியில் பயிர் நின்ற நெல்வயலுக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கிய படங்களைப் பார்த்த எவருக்கும் அந்தக் கேள்வியின் கனம் தெரியும். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒருவருக்கு மிச்சம் என்றால் இயந்திரம் நின்றுவிடுமோ என்ற பயம். மற்றவருக்கு, இயந்திரம் நின்றால் தனக்கென்று ஏதாவது எஞ்சுமா என்ற ஆசை. இருவரும் ஒரே மாவட்டத்துக்காரர்கள், ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள்.

ஓடும் இயந்திரமும் பிறக்காத இயந்திரமும்

அன்றிரவிலிருந்து நான் கணக்குப் போட்டுக்கொண்டேதான் இருந்தேன். மாமாவின் கேள்விக்கு நேரான பதில் ஒன்று இருக்கிறது. மாநிலத்தில் மின்தேவை குறையும்போது எல்லா நிலையங்களும் சமமாகக் குறைக்கப்படுவதில்லை. எரிபொருள் செலவு அதிகமான நிலையம் முதலில் குறைக்கப்படும். நெய்வேலியில் சுரங்கத்தின் வாயிலிலேயே எரிக்கிறார்கள். ரயில் கூலியும் கப்பல் கூலியும் கிடையாது. எனவே வீட்டில் ஒரு விசிறி மாறினால் முதலில் அடங்குவது பெரும்பாலும் தொலைவிலிருந்து நிலக்கரி வரவழைக்கும் ஏதோ ஒரு நிலையம், அல்லது மாலை நேரத்தில் சந்தையில் அதிக விலைக்கு வாங்கும் மின்சாரம். மாமாவின் நிலையம் போய்விட்டாலும், நெய்வேலியில் இன்று ஓடும் இயந்திரம் அவ்வளவு எளிதில் நிற்காது.

ஆனால் சிக்கனம் தன் வேலையைக் காட்டும் இடம் ஓடுகிற இயந்திரம் இல்லை, இன்னும் பிறக்காத இயந்திரம். பத்து ஆண்டுகளுக்குப் பின் மாநிலத்துக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று இன்று ஒரு மேசையில் எழுதப்படும் எண்ணிலிருந்துதான் அடுத்த அலகும், அந்த அலகுக்கான சுரங்க விரிவாக்கமும், அந்த விரிவாக்கத்துக்கான நில அறிவிப்பும் வரிசையாக இறங்கி வருகின்றன. 2023 ஏப்ரலில் சேத்தியாத்தோப்புக் கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகிய மூன்று பகுதிகள் சுரங்க ஏலப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அது மக்களின் எதிர்ப்பால் நடந்தது. எதிர்ப்பு ஒரு முறை தடுக்கும். தேவை ஏறிக்கொண்டே போனால் பட்டியல் மறுபடியும் வரும். தேவை ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த விவசாயியின் கேள்விக்குச் சொல்லக்கூடிய பதில்: மிச்சம் பிடித்தால் நிலம் மிச்சமாகலாம், இன்றைக்கே இல்லை, அடுத்த அறிவிப்பு வராமல் போவதன் வழியாக.

இப்படிப் பார்க்கும்போது மாமாவுக்கும் அந்த விவசாயிக்கும் நான் நினைத்த அளவுக்குப் பகை இல்லை. இருவருக்கும் வேண்டியது காலம். இருக்கும் இயந்திரம் தன் ஆயுளை முடிக்கட்டும், அதில் இருப்பவர்கள் ஓய்வுபெறட்டும், புதிதாக ஒன்று தொடங்காமல் இருக்கட்டும் என்ற அவகாசத்தை மிகக் குறைந்த விலையில் தரக்கூடியது சிக்கனம்தான். ஜெர்மனியின் ரூர் பகுதியில் இதைப் பார்க்கலாம். அங்கே கருநிலக்கரிச் சுரங்கங்களை மூடுவதென்று 2007-இல் முடிவெடுத்தார்கள்; கடைசிச் சுரங்கமான பொட்ரோப் நகரத்து ப்ரோஸ்பர்-ஹானியல் 2018 டிசம்பரில்தான் மூடப்பட்டது. நடுவில் கிடைத்த பதினோரு ஆண்டுகளில் வயதானவர்களுக்கு முன்கூட்டிய ஓய்வூதியம், இளையவர்களுக்கு வேறு பணி என்று படிப்படியாக இறக்கிவைத்தார்கள். அதே பொட்ரோப் நகரம் 2010-இலேயே, ஏறக்குறைய 70,000 பேர் வாழும் பகுதியில் பழைய வீடுகளின் சுவர்களையும் சன்னல்களையும் வீட்டைச் சூடாக்கும் கருவிகளையும் மாற்றி, கரியமில வெளியீட்டைப் பாதியாக்கும் வேலையைத் தொடங்கியிருந்தது. வீடு வீடாகப் போய் இலவசமாக ஆலோசனை சொன்னார்கள். சுவரைப் போர்த்தும் வேலையைச் சீனாவிலிருந்து இறக்குமதி செய்ய முடியாது. அது உள்ளூர்க் கொத்தனார் கைக்கும் உள்ளூர்க் குழாய்க்காரர் கைக்கும்தான் போகும். சூரியத் தகட்டுக்கும் சிக்கனத்துக்கும் இருக்கும் பெரிய வேறுபாடாக நான் இதைக் கருதுகிறேன். தகடு வெயில் எங்கே அதிகமோ, நிலம் எங்கே மலிவோ அங்கே போய்விடும். சிக்கனம், மின்சாரம் செலவாகும் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்தே ஆக வேண்டும்.

பொட்ரோப் நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. அங்கே குளிருக்குப் போர்த்துகிறார்கள், இங்கே மொட்டைமாடிக்கு வெள்ளையடிக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, மிச்சம் யார் பையில் விழுகிறது என்ற கணக்கு இங்கே தலைகீழ். 2016 முதல் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மாமா வீட்டு விசிறி இரண்டு மாதத்தில் மிச்சப்படுத்துவது 30 யூனிட்டுக்குச் சற்று மேல். நூறைத் தாண்டிய வீட்டுக்கு அது பணம். நூறுக்குள் நிற்கும் குடிசைக்கு அதில் ஒரு ரூபாய் லாபமும் இல்லை. லாபம் மானியம் கட்டும் அரசுக்கு. இலவச மோட்டாருக்கும் இதே கதை. ஆகவே சென்னையில் குளிர்சாதனம் வாங்குகிறவருக்குச் சிக்கனம் ஒரு முதலீடு. நெய்வேலிக்கு அக்கம்பக்கத்துக் கிராமத்தில் இருப்பவருக்கு அது வெறும் அறிவுரை. மிச்சத்தின் பெரும்பங்கு அரசுக்குத்தான் போகிறது என்றால் விசிறிக்கும் மோட்டாருக்கும் பணம் போட வேண்டியதும் அரசுதான், அதை முதலில் போட வேண்டியது மின்சாரத்துக்காகத் தன் மண்ணையும் நீரையும் கொடுத்த மாவட்டத்தில்தான் என்று நான் அழுத்தமாகவே நினைக்கிறேன். இது சலுகையாகத் தெரியலாம். கணக்காகப் பார்த்தால் வட்டியே கட்டாத பழைய கடன்.

அரசு மனம் வைத்தால் நடக்காது என்றும் சொல்ல முடியாது. 2014-இல் அரசு 310 ரூபாய் கொடுத்து வாங்கிய எல்இடி பல்பு, மொத்தமாக வாங்கத் தொடங்கிய இரண்டே ஆண்டுகளில் 38 ரூபாய்க்கு இறங்கியது. எல்இடி பல்புகளை மலிவாகத் தரும் மத்திய அரசின் உஜாலா திட்டத்தில் நாடு முழுவதும் 36 கோடிக்கும் மேல் விற்றார்கள். பல்பை மாட்டுவதற்கு ஆள் தேவையில்லை என்பதால் அதில் வேலை பிறக்கவில்லை. மோட்டாரை மாற்ற ஆள் வேண்டும். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பம்ப்செட்டுகளைப் பார்த்து, அளந்து, இறக்கி, ஏற்றி, ஆண்டுதோறும் கவனிக்க நிறைய ஆட்கள் வேண்டும். பாய்லரில் ஆவி கசிவதைக் காதால் கேட்டே சொல்லிவிடும் மாமா போன்றவர்களும், காயிலைத் தொட்டே எத்தனை முறை எரிந்தது என்று சொல்லிவிடும் அந்தக் கடைக்காரரும் இதற்காகவே பயிற்சி பெற்றவர்களைப்போல இங்கே இருக்கிறார்கள். இப்போதைக்கு அவர்களை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. திறன் என்ற சொல்லை நாம் இயந்திரத்துக்கும் சொல்கிறோம், ஆளுக்கும் சொல்கிறோம். திட்ட அறிக்கைகளில் இயந்திரத்தின் திறன் மட்டும் விழுக்காட்டோடு வருகிறது.

தீபாவளிக்கு வடலூர் போனபோது அந்தச் சாக்கைப் பற்றி மாமாவிடம் கேட்டேன். கடைக்காரரின் மகன் ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தவன், இப்போது மாலையில் கடைக்கு வந்து போர்டுகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறானாம். பத்தில் நான்கு பிழைத்துக்கொள்கின்றன; பெரும்பாலும் ஒரே ஒரு கெப்பாசிட்டர்தான் போயிருக்கும், அது பதினைந்து ரூபாய். மாமாவும் வாரத்தில் இரண்டு நாள் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார் என்று அத்தை சொன்னார். "என்ன மாமா, மிஷினு யாருக்கு ஓடும்னு கேட்டீங்களே" என்று ஆரம்பித்தேன். அவர் விசிறியை நிமிர்ந்து பார்த்தார். "அத விடு. மெட்ராஸ்ல உங்க அபார்ட்மெண்ட்ல எத்தன போர்டு செத்துக் கெடக்குன்னு கேட்டு, அடுத்த தடவ வரும்போது எடுத்துட்டு வா" என்றார்.